முகத்துக்கு எத்தனை மில்லிமீட்டர்?

இந்த வாரம் ஒரு பழைய சண்டைக்குத் தீர்ப்பு. வழக்கு இதுதான்: ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருப்பவர், மனித முகங்களை எடுக்க 75 மி.மீ. லென்ஸ் வாங்குவதா, 90 வாங்குவதா? இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், இரண்டு லைக்காக்காரர்களை ஒரே சோபாவில் உட்கார வைத்துப் பாருங்கள். காபி ஆறிவிடும்.

கேமரா சமாசாரத்தில் அக்கறை இல்லாதவர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். லென்ஸைப் பற்றிப் பேசுவதுபோல் ஆரம்பித்தாலும், ஒரு மனிதரைப் பார்க்க எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதில்தான் இது வந்து முடியும். அது எல்லோருக்கும் உள்ள பிரச்னை.

முதலில் ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன என்று சுருக்கமாக. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் பாட்டுக்கு லென்ஸ். நாம் பார்ப்பது மூலையில் இருக்கும் தனி ஜன்னல் வழியாக. சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு சின்ன ஜன்னல். இரண்டு ஜன்னல்களின் பிம்பங்களும் நடுவில் ஒரு சிறு கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக, இரட்டையாகத் தெரிந்த மூக்கு ஒற்றை மூக்காகும். ஃபோகஸ் ஆச்சு. நம் இரண்டு கண்கள் தூரத்தைக் கணிக்கும் அதே தந்திரம்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

லைக்கா 1932-இல் இதைக் கேமராவுக்குள்ளேயே பொருத்தியது. 1954-இல் வந்த எம்3-இல் அது பக்குவப்பட்டது. 2022-இல் வந்த 60 மெகாபிக்ஸல் எம்11-இலும் அதே இரண்டு ஜன்னல்தான்.

இந்த ஜன்னலுக்கு இரண்டு குணங்கள் உண்டு. இன்றைய வழக்கின் இரண்டு சாட்சிகளும் இவைதான்.

ஒன்று: எந்த லென்ஸை மாட்டினாலும் ஜன்னலில் தெரியும் காட்சி மாறாது. அதற்குள் ஒளிரும் கோட்டுச் சட்டம் மட்டும் சிறியதாகும், பெரியதாகும். 35-க்குத் தாராளமாக இருக்கிற சட்டம், 90-க்கு நடுவில் தபால்தலை போலச் சுருங்கிவிடும்.

இரண்டு: ஜன்னலில் எல்லாமே தெளிவாகத் தெரியும். முகமும் தெளிவு, பின்னால் இருக்கும் காலண்டரும் தெளிவு, அதற்கும் பின்னால் நடக்கும் பூனையும் தெளிவு. ஃபிலிமில் எது மங்கும், எவ்வளவு மங்கும் என்று இந்த ஜன்னல் சொல்லவே சொல்லாது.

இந்த இரண்டாவது குணத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். போர்ட்ரெய்ட் லென்ஸ் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எதற்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள்? பின்னணி கரைந்து வெண்ணெயாக வழிய வேண்டும் என்பதற்காக. ஜப்பானியர்கள் அதற்கு 'பொக்கே' என்று பெயர் கொடுத்தார்கள், உலகமே பிடித்துக்கொண்டது. ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரில் ஷட்டரை அழுத்தும் நேரத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரே விஷயம் அந்தப் பொக்கேதான். தெரிவது மனிதர் மட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு லட்சங்களைக் கொடுத்துவிட்டு, கண்ணெதிரே தெரிகிறவரைக் கவனிக்காமல் விடுவது என்ன நியாயம்?

சரி, கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

தலையும் தோளுமாக ஒருவரை நெட்டுவாக்கில் எடுக்கிறோம். சட்டத்துக்குள் சுமார் 60 செ.மீ. உயரம் வர வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமில் இதற்கு 50 மி.மீ. லென்ஸோடு ஏறக்குறைய 90 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். 75 என்றால் 1.3 மீட்டர். 90 என்றால் 1.6 மீட்டர். 135 என்றால் 2.4 மீட்டர்.

முக அமைப்பைத் தீர்மானிப்பது இந்தத் தூரம்தான். 'டெலி லென்ஸ் முகத்தைத் தட்டையாக்கும்' என்று சொல்வார்கள். லென்ஸ் ஒன்றும் செய்வதில்லை, தூரம் செய்கிறது. மூக்கு நுனியிலிருந்து காதுவரை ஆழம் சுமார் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃபி எடுக்கும் 40 செ.மீ. தூரத்தில் காதின் அளவோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெரிதாக விழும். 'செல்ஃபியில் என் மூக்கு ஏன் இப்படி?' என்று வருத்தப்படுகிற பெண்களுக்கு இதுதான் பதில். மூக்கில் கோளாறு இல்லை, கை நீளம் போதவில்லை. 90 செ.மீ. தூரத்தில் வித்தியாசம் 13 சதவீதமாக இறங்குகிறது. 1.3 மீட்டரில் 9. 1.6 மீட்டரில் ஏழரை. 2.4 மீட்டரில் 5.

இப்போது பாருங்கள். 75-க்கும் 90-க்கும் நடுவே மூக்கு வித்தியாசம் ஒன்றரை சதவீதம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூக்கழகை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

அடுத்த வாதி ஃபோகஸ். இங்கேதான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

ரேஞ்ச்ஃபைண்டர் எவ்வளவு துல்லியமாகத் தூரத்தை அளக்கும் என்பது இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும், ஜன்னல் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணை 'பயனுறு அடித்தூரம்' எனலாம். எம்3-க்கு 62 மி.மீ.; அதன் ஜன்னல் 0.91 மடங்கு, ஏறக்குறைய உள்ளது உள்ளபடி. எம்6 போன்ற 0.72 மடங்கு லைக்காக்களுக்கு 50. ஸைஸ் இக்கான் என்று 2005 வாக்கில் ஜப்பானில் செய்து விற்றார்களே, அதற்கு 56. கொசினாவின் பெஸ்ஸா ஆர்2-க்கு 25. 1973-இல் வந்த குட்டி லைக்கா சி.எல்.லுக்கு 19.

இது கேமரா தரக்கூடியது. லென்ஸ் கேட்பது எவ்வளவு? அதற்கும் ஒரு சுலபமான வழி உண்டு. குவிய நீளத்தை அதாலேயே பெருக்கி, அப்பர்ச்சர் எண்ணால் வகுத்துவிடுங்கள். வருகிற எண் அந்த லென்ஸின் கண்டிப்பு. 50 மி.மீ. எஃப் 2-க்கு 1250. எஃப் 1.4-க்கு ஏறக்குறைய 1800. இவற்றோடு மல்லுக்கட்டாமலே பலரும் காலம் தள்ளுகிறார்கள். 75 மி.மீ. எஃப் 2.5-க்கு 2250. எஃப் 2-க்கு 2800. எஃப் 1.4-க்கு 4000. இனி 90: எஃப் 4-க்கு 2000 சொச்சம். எஃப் 2.8-க்கு 2900. எஃப் 2-க்கு 4050.

இந்த எண்ணில் ஓர் அதிசயம், எவ்வளவு தூரத்தில் நின்றாலும் இது மாறாது. கிட்டே போனால் தூரத்தை அளப்பது சுலபமாகும். அதே அளவுக்குத் தெளிவான ஆழமும் குறைந்துவிடும். ஒன்றுக்கொன்று கழிந்துவிடுகிறது.

ஆக, 75 எஃப் 2-ம், 90 எஃப் 2.8-ம் கண்டிப்பில் ஒரே வகுப்பு வாத்தியார்கள். 75 எஃப் 1.4-ம், 90 எஃப் 2-ம் அடுத்த வகுப்பு. கையில் பிரம்பு உண்டு. சி.எல்.லில் 90 எஃப் 4 மாட்டுவது, எம்6-இல் 90 எஃப் 2 மாட்டுவதைவிடக் கஷ்டம். பெஸ்ஸா ஆர்2-இல் 90 எஃப் 2.8 அதற்கும் மேல். லென்ஸை மட்டும் விமரிசித்து எழுதுகிற விமரிசனங்கள் இதனால்தான் பாதிக் கிணறு. எந்த உடம்பில் மாட்டப் போகிறீர்கள் என்று கேட்காமல் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸுக்கு மார்க் போட முடியாது.

'அதெல்லாம் சரி ஸார், 1.4 இருக்கும்போது 2.8 எதுக்கு?' என்று ஒரு குரல் கேட்கிறது. அதற்கும் கணக்கு வைத்திருக்கிறேன்.

முன்னே சொன்ன தலை-தோள் படத்தில், பழைய ஃபிலிம் கால அளவுகோலின்படி, தெளிவாக விழும் ஆழம் எஃப் 1.4-இல் மொத்தம் இரண்டரை செ.மீ. எஃப் 2-இல் மூன்றரை. எஃப் 2.8-இல் ஐந்து. எஃப் 4-இல் ஏழு. சட்டத்துக்குள் அதே அளவு முகம் வந்தால், 75-ஆனாலும் 90-ஆனாலும் இந்த ஆழம் மாறாது. நம் கண்மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆறு செ.மீ.க்குச் சற்று மேல். எதிரே இருப்பவர் முகத்தை 45 டிகிரி திருப்பி உட்கார்ந்தால் - போர்ட்ரெய்ட்டில் பாதி அப்படித்தான் - ஒரு கண் மற்றதைவிட நாலரை செ.மீ. பின்னால் போய்விடும். அதாவது எஃப் 2-இல் இரண்டு கண்ணும் தெளிவாக விழ வழியே இல்லை. எஃப் 2.8-இல் மயிரிழையில் விழும். எஃப் 4-இல் நிம்மதியாக.

இதோடு வேறு சில்லறைச் செலவுகளும் உண்டு. ஃபோகஸ் கட்டம் ஜன்னலின் நடுவில் மட்டும்தான் இருக்கிறது. கண்ணோ சட்டத்தின் மேல் பாகத்தில் இருக்கிறது. கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால், தெளிவின் தளம் நாலைந்து மில்லிமீட்டர் பின்னே நகர்ந்துவிடும். நின்றுகொண்டு எடுக்கிறவரும், உட்கார்ந்திருப்பவரும் மூச்சு விடுகிற ஜென்மங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆடத்தான் செய்வார்கள். இதையெல்லாம் இரண்டரை செ.மீ. பட்ஜெட்டுக்குள் சமாளிக்க வேண்டும். 60 மெகாபிக்ஸல் படத்தைக் கம்ப்யூட்டரில் முழுசாகப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பட்ஜெட்டிலும் பாதி கிடைக்காது.

விளைவு? ஒரு கண் ஊசிமுனை, மறு கண் கஞ்சி. இதைத்தான் கலை என்று சொல்லி நம் தலையில் கட்டுகிறார்கள். ஒரு சில படங்களில் அது நிஜமாகவே அழகு. நூற்றுக்கு நூறு படமும் அப்படி என்றால், அந்த ஃபோட்டோகிராஃபர் முகத்தைப் பார்க்கவில்லை, லென்ஸைப் பார்க்கச் சொல்கிறார் என்று அர்த்தம்.

இப்போது கடையில் கிடைப்பவர்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றலாம். பெரும்பாலும் செகண்ட் ஹாண்ட் சரக்கு என்பதை மறக்க வேண்டாம்.

75 எஃப் 1.4 சம்மிலக்ஸ். 1980-இல் வந்தது. ஜெர்மனியில் பயின்று, கனடாவின் மிட்லண்ட் என்ற சின்ன ஊரில் லைக்காவுக்கு லென்ஸ் வரைந்த வால்டர் மாண்ட்லரின் கைவண்ணம். முழுசாகத் திறந்தால் ஒரு மெல்லிய பனி. எஃப் 4-க்கு வந்தால் கத்தி. இதைக் காதலிக்காதவர் குறைவு. ஆனால் எடை அரை கிலோவுக்கு மேல். ஜன்னலின் ஒரு மூலையை மறைக்கும் பருமன். கண்டிப்பு 4000. வாங்கி வைத்துப் பூஜை செய்ய உத்தமம். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.

75 எஃப் 2 அப்போ-சம்மிக்ரான், 2005. சோதனைச் சாலையில் இதைக் குறை சொல்ல ஆள் இல்லை. முழுத் திறப்பிலேயே அவ்வளவு கூர்மை. 70 செ.மீ.வரை கிட்டே போகலாம். சிக்கல் என்னவென்றால், முகம் கட்டடம் இல்லை. ஐம்பது வயசுக்காரர் கன்னத்தின் ஒவ்வொரு துவாரத்தையும் எண்ணிக் கொடுத்தால் அவர் சந்தோஷப்பட மாட்டார். விலையைக் கேட்டால் நீங்களும்.

90 எஃப் 2 அப்போ-சம்மிக்ரான், 1998. மேற்படி நபரின் அண்ணன். அதே கூர்மை, அரை கிலோ, கண்டிப்பு 4050. 0.72 ஜன்னலில், அந்தத் தபால்தலைச் சட்டத்துக்குள், இதை முழுத் திறப்பில் நம்பி எடுப்பது சூதாட்டம். எம்3-இல் மாட்டினால் பரவாயில்லை.

2017-இல் 75 எஃப் 1.25, 2019-இல் 90 எஃப் 1.5 என்று இரண்டு பூதங்களை லைக்கா இறக்கியது. ஒவ்வொன்றும் ஒரு கிலோ. கண்டிப்பு 4500, 5400. 2013-இல் கைக்கு வந்த டைப் 240 முதல், டிஜிட்டல் எம் கேமராக்கள் பலவற்றில் திரையில் நேரடியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி இருக்கிறது. அதை நம்பிச் செய்த லென்ஸ்கள் என்றுதான் சொல்ல வேண்டும். திரையைப் பார்த்துத்தான் எடுக்கப் போகிறோம் என்றால் ரேஞ்ச்ஃபைண்டர் எதற்கு என்ற கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை.

85 எஃப் 2 கோஷ்டி. 1930-களில் ஸைஸின் லூட்விக் பெர்ட்டலே உண்டாக்கிய ஸோனார் வம்சம். ஜப்பானின் நிக்கோரும், ரஷ்யாவின் ஜுபிடர்-9-ம் இதன் வாரிசுகள். நிக்கோரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1950-இல் டோக்கியோவில் 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜுன் மிகி என்ற இளைஞர் தன் லைக்காவில் 85 நிக்கோரை மாட்டிச் சும்மா ஒரு படம் எடுத்தார். பிரிண்ட்டைப் பார்த்த டங்கன் நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே தொழிற்சாலைக்கே போய்விட்டார். சில வாரங்களில் கொரிய யுத்தம். அங்கே அவர் எடுத்த படங்கள் நிக்கோர் லென்ஸ்களில். ஜப்பானிய லென்ஸைப் பற்றி அமெரிக்கா பேச ஆரம்பித்தது. ஒரு நண்பர் முகத்தை எடுத்த ஒரு படம் ஒரு தொழிலின் தலையெழுத்தையே மாற்றியது. ஆனால் லைக்கா ஜன்னலில் 85-க்குச் சட்டம் கிடையாது. 90-ஐ வைத்து உத்தேசிக்க வேண்டும். ஜுபிடர்-9 மலிவு. லைக்காவில் மாட்டினால் ஃபோகஸ் தள்ளிப் போவது அதன் பிரசித்தமான வியாதி. வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்.

தாம்பார் 90 எஃப் 2.2. 1935. வேண்டுமென்றே பிழையோடு செய்த லென்ஸ். ஒளியை ஒழுங்காகக் குவிக்காமல் முகத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் போடும். நடுவில் ஒரு புள்ளி வைத்த கண்ணாடியும் கூடவே வரும், மாட்டினால் இன்னும் கனவு. 2017-இல் மறுபடி வெளியிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்கு ஒரு காலத்தில் உபயோகப்பட்டிருக்கும். அந்த வேலையை இப்போது ஃபோன் இலவசமாகச் செய்கிறது.

75 எஃப் 2.5 கலர்-ஹெலியார். ஃபோக்ட்லாண்டர் பெயரில் கொசினா 1999-இல் கொண்டுவந்தது. கால் கிலோகூட இல்லை. கண்டிப்பு 2250. அந்த விலைக்கு அது கொடுத்தது அநியாயத்துக்கு ஜாஸ்தி. ஏழை என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

கடைசியாக, 90 எஃப் 2.8 எல்மாரிட்-எம். 1990-இல் வந்தது, 2008 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே நாலே கண்ணாடி. இழுத்தால் வெளியே வரும் ஹூட். இதைப் பற்றிக் கவிதை எழுதியவர் யாரும் இல்லை. 'நல்ல லென்ஸ்தான்' என்பார்கள், 'நல்ல பையன்தான்' என்று வரன் பார்க்கிறவர்கள் சொல்வதுபோல. கூர்மை போதும். பின்னணி அடங்கி ஒதுங்கும். 0.72 ஜன்னலில் கண்டிப்பு சமாளிக்கக்கூடியது. அதன் 90 சட்டத்தோடு ஜோடியாகத் தெரிவது 28-இன் சட்டம். அது ஓரத்தில் எங்கோ கிடப்பதால் குழப்பம் இல்லை. 75-இன் நிலைமை அப்படி இல்லை. நாலு மூலைத் துண்டுகளாக 50-இன் சட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. அவசரத்தில் எது எதன் மூலை என்று தேட வேண்டும்.

ஒரு பெரிய ஆட்சேபணை பாக்கி இருக்கிறது. 'போர்ட்ரெய்ட்டுக்கு டெலி லென்ஸே வேண்டாம்.' சொன்னவர் சாமானியர் இல்லை. சொல்லாமல் செய்து காட்டியவர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான். வாழ்நாளின் பெரும்பகுதியை லைக்காவோடும் ஒரு 50 மி.மீ. லென்ஸோடும் கழித்தவர். 1944-இல் புறாக்களோடு மத்தீஸ், 1946-இல் பாரீஸ் பாலத்தின்மேல் பைப்போடு சார்த்ர். மூக்கும் முழியுமாக முட்டிக்கொண்டு எடுத்தவை அல்ல. தள்ளி நின்று, மனிதரையும் அவர் இருக்கும் இடத்தையும் சேர்த்து எடுத்தவை. நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களில் அங்கே இருந்தார். அதே மாதம் பாண்டிச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். அரவிந்தர் அந்த டிசம்பரில் மறைந்துவிட்டார்.

இந்த ஆட்சேபணையை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பின்னணி ஏதாவது சொல்ல வேண்டும். மத்தீஸுக்குப் புறா இருந்தது. நம் வீட்டு ஹாலில் ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், காயப்போட்ட துண்டு. 50-இல் இதெல்லாம் வந்துவிடும். இவற்றைத் தவிர்க்கக் கிட்டே போனால், முக்கால் மீட்டர், தொண்ணூறு சென்டிமீட்டர் என்று ஆகிவிடும். இங்கேதான் முதலில் சொன்ன அடிக் கணக்கு வருகிறது.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1966-இல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரம் விட்டு நிற்கிறார்கள் என்பது பற்றி. ஏறக்குறைய 45 செ.மீ.யிலிருந்து 1.2 மீட்டர்வரை சொந்தக்காரர், நண்பர் தூரம். 1.2-இலிருந்து 3.6 மீட்டர்வரை சபைத் தூரம். அமெரிக்கர்களைப் பார்த்துச் சொன்னது. தேசத்துக்குத் தேசம் மாறும் என்று அவரே சொல்லியிருக்கிறார். பல்லவன் பஸ்ஸில் பயணித்தவர்களுக்கு இந்த அளவெல்லாம் சிரிப்பு வரும். ஆனால் கையில் கேமராவோடு ஒருவர் வந்தால் நமக்கும் அந்தக் கோடு முளைத்துவிடுகிறது. 90 செ.மீ.யில் கேமராவை நீட்டிப் பாருங்கள், பெரியவர் தலையைப் பின்னுக்கு இழுப்பார், மோவாய் இரண்டாகும்.

இப்போது லென்ஸ்களை இந்தக் கோட்டில் நிறுத்துங்கள். 50, கோட்டுக்கு உள்ளே. குழந்தை, மனைவி, நெருங்கிய சிநேகிதன். 75, வாசற்படியில். 90, திண்ணையில் - பேச்சு கேட்கும், மூச்சு படாது. 135, தெருவில்; கத்திப் பேச வேண்டும். 75-க்கும் 90-க்கும் நடுவே இருப்பது முப்பது செ.மீ., ஒரு அடி. மூக்கில் தெரியாத அந்த வித்தியாசம் முகபாவத்தில் தெரிகிறது.

ஆக, யாரை எடுக்கப் போகிறீர்கள்? வீட்டுக்குள்ளேயே, பழகினவர்களையே எடுப்பவர் என்றால் 75 வாங்கிக்கொள்ளுங்கள். எஃப் 2.5 போதும். அந்நியரை, பெரியவரை, கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டியவர்களை எடுப்பவர் என்றால் 90 எஃப் 2.8. எனக்கு ஒன்றுதான் என்றால் 90. மயிரிழையில் இரண்டு கண்ணும் விழும் முதல் எண் எஃப் 2.8; நிம்மதி வேண்டுமென்றால் ஒரு ஸ்டாப் மூடிக்கொள்ளலாம். அதற்கு மேல் திறக்கும் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் கொடுக்கும் பணம், மங்கலுக்குக் கொடுப்பது. வெளிச்சம் போதாதே என்றால், ஆளை ஜன்னலோரம் உட்கார வைக்கலாம். ஜன்னல் வெளிச்சம் லென்ஸைவிட மலிவு, லென்ஸைவிட அழகு.

இதில் என்ன பெரிதாகப் போய்விடும் என்று தோன்றலாம். நம் வீடுகளில் ஒருவர் இறந்துபோனால் முதலில் நடக்கும் தேடல் நினைவிருக்கிறதா? நல்ல படம் ஒன்று இருக்காது. ஆயிரம் படம் ஃபோனில் இருக்கும், எல்லாம் கூட்டத்தில், சாப்பிடும்போது, பாதிக் கண் மூடி. கடைசியில் ஏதோ கல்யாண குரூப்பிலிருந்து தலையை வெட்டியோ, பாஸ்போர்ட் படத்தை ஊதிப் பெருக்கியோ ஸ்டூடியோக்காரர் கோட்டு மாட்டிக் கொடுப்பார். வாழ்நாள் பூராவும் கோட்டே போடாத மனிதர். பேரப்பிள்ளைகளுக்கு அவர் முகம் இனி அதுதான். கையில் இவ்வளவு நல்ல கேமரா வைத்திருக்கும் ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தும், ஒரு கண் மட்டும் தெளிவாக உள்ள முப்பது படங்களைத்தான் விட்டுவைத்திருக்கிறார் என்றால் அதை என்னவென்று சொல்வது?

ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு. எஸ்.எல்.ஆரில் படம் விழும் அந்தக் கணத்தில் கண்ணாடி மேலே எழும்பி எல்லாம் இருட்டிவிடும். இதில் இருட்டுவதில்லை. வலது கண்ணை ஜன்னலில் வைத்தால் இடது கண்ணும் பாதி முகமும் வெளியே இருக்கும்; எதிரே உள்ளவர் உங்களைப் பார்க்கலாம், பேசலாம். சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் உதடு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே அழுத்தலாம். இதற்காகத்தான் இந்தப் பழைய யந்திரத்தைக் கட்டி அழுகிறோம். 4000 கண்டிப்புள்ள லென்ஸை மாட்டிவிட்டு, இரட்டை மூக்கை ஒற்றையாக்குவதிலேயே கவனமாக இருந்தால் அந்த உதட்டை யார் பார்ப்பது?

எஃப் 2.8 வாங்கி மிச்சம் பிடித்த பணத்தில் ஃபிலிம் வாங்குங்கள். டிஜிட்டல்காரர்கள் பிரிண்ட் போடுங்கள். வீட்டில் எழுபது தாண்டியவர் இருந்தால் அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். ஜன்னலோரம் நாற்காலி, 1.6 மீட்டர், எஃப் 4, கண்ணில் ஃபோகஸ். எடுத்து முடித்ததும் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அரை மணி பேசிக்கொண்டிருங்கள். பிரிண்ட் வந்ததும் முதல் பிரதியை அவர் கையில் கொடுங்கள். 'இது நானா?' என்று கேட்டால் லென்ஸ் சரி. 'நான்தான்' என்று சொல்லிவிட்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைக்காமல் இருந்தால், நீங்கள் சரி.